அந்தமானிலிருந்து ஒரு தாய்மாமன்

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு அச்சடித்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். கைதியை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று ஊரில் விசாரித்துச் சொல்வதற்கான தாள் அது. ‘ஆட்சேபணை உண்டு’, ‘ஆட்சேபணை இல்லை’ என்று இரண்டு கட்டம் போட்டிருந்தது. ஏதாவது ஒன்றில் கோடு கிழித்தால் முடிந்தது.

“ஒரு மணி நேர வேலைண்ணே. நீங்கல்லாம் இதுக்குப் போயி மாசக்கணக்கா அலைவீங்களாமே?” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. காக்கியைக் கழற்றி இத்தனை வருஷமாகியும் அந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான். பிறவியிலேயே நான் கவலைப்படுகிற ஆள். கதவைத் தாழ்போட்டுவிட்டுப் படுத்தபின் எழுந்து போய் இன்னொருமுறை தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கிற ஜாதி. அப்படிப்பட்டவனைப் பிடித்துப் போலீசில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் ஆயுசே சாட்சி.

வேலையில் சேர்ந்த கதையை நீட்ட வேண்டாம். மதுரையில் கவாத்து பழகினேன், வெயிலில் மயங்கி விழுந்தேன், திட்டு வாங்கினேன், எப்படியோ தேறினேன். எழுத்து கொஞ்சம் திருத்தமாக இருந்ததால் லத்தியைவிடப் பேனாவே என் கையில் அதிகம் இருந்தது. பேரையூர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ஏட்டாக உட்கார்ந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை கரிசலும் கருவேலமும். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வழக்கு.

அங்கே எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் இன்ஸ்பெக்டர் சுப்பராமன். மதுரை சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியே சுத்தமான மதுரைத் தமிழ். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில்லாத குறைக்குக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்கத் துடைக்க நமக்கு வேர்க்கும். நான் எழுதிக்கொண்டு போகும் விசாரணை அறிக்கையில் ‘தெரியவருகிறது’ என்று இருந்தால் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, “யாருக்குத் தெரியவருது, ஏட்டு? உமக்கா, எனக்கா, சாமிக்கா?” என்பார். ‘போலும்’ என்ற சொல்லை அவர் பென்சில் விட்டுவைத்ததே இல்லை.

விசாரணைக்கென்று அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. விசாரிக்கப்போகும் வீட்டில் முதலில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். யார் கொண்டுவருகிறார்கள், செம்பில் கொடுக்கிறார்களா கையில் ஊற்றுகிறார்களா, கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கிறார்களா என்பதையெல்லாம் கவனித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். “தண்ணி குடுக்குற கை பொய் சொல்லாது” என்பார். எத்தனையோ வீட்டில் அது எனக்குக் கைகொடுத்தது. ஒரு வீட்டில் மட்டும் கைவிட்டது.

யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம். அந்தமானிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வழியாக எங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு தாக்கீது வந்தது. வீரணன் என்கிற ஆயுள் கைதியை விடுதலை செய்து ஊருக்கு அனுப்ப உத்தேசம். ஊரில் ஆட்சேபணை உண்டா, பழைய பகை இருக்கிறதா, அவன் வந்தால் உயிருக்கு ஆபத்து உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும்.

வீரணன் கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தங்கை பேச்சியை சின்னக்காளை என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். சின்னக்காளை நல்ல உழைப்பாளி. ஆனால் பெண்டாட்டியை அடிக்கக் கை நீளும். ஒருநாள் வயிற்றுப் பிள்ளைக்காரியான பேச்சியைத் தெருவில் வைத்து அடிப்பதாகக் கேள்விப்பட்டு வீரணன் வயலிலிருந்து ஓடிவந்திருக்கிறான். கையில் இருந்தது மண்வெட்டி. அதன் பிடியால் ஒரே அடி. சின்னக்காளை எழுந்திருக்கவில்லை. கொல்ல வேண்டும் என்று அடித்த அடி இல்லை என்று கோர்ட்டும் நம்பியதால் தூக்குக்குத் தப்பி ஆயுள் சிட்சை கிடைத்தது. அந்தமானுக்குப் போகச் சம்மதமா என்று மதுரை ஜெயிலில் கேட்டபோது முதல் ஆளாகத் தலையாட்டினானாம். தங்கையின் வெறுங்கழுத்தைப் பார்க்காத தூரத்துக்குப் போனால் சரி என்று நினைத்திருப்பான். அதன்பிறகு பேச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பெயர் தவசி.

நான் போனபோது தவசிக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும். வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டேன். பேச்சி செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இதற்கு அர்த்தம் இல்லை. செம்பை எடுத்துக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பையனின் காதைப் பார்த்தேன். இரண்டு காதும் மூளி.

எங்கள் பக்கத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் நடை பழகுமுன் காது குத்திவிடுவார்கள். அப்பன் வழிக் குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவார்கள். மாமன் இல்லாத வீட்டில் தாயின் பெரியம்மா மகனோ வேறு ஒன்றுவிட்ட மாமனோ மடி கொடுப்பான். காது குத்தாமல் இவ்வளவு பெரிய பையனை அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்ததில்லை.

“என்ன தம்பி, காது குத்தலையா?” என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

பையன் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து பேச்சியின் குரல் வந்தது. “அது எங்க வீட்டு விசயம், ஏட்டையா. நீங்க வந்த சோலியைக் கேளுங்க.”

“உங்க அண்ணனை விடுறதா இருக்காங்க. அவரு ஊருக்கு வந்தா உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை உண்டா, தாயி?”

“விட்டா வரட்டும். விடாட்டி இருக்கட்டும்.”

“உனக்கு, தம்பி?”

தவசி அப்போதுதான் முகத்தைத் தூக்கினான். “வரட்டும், பாத்துக்கிறேன்” என்றான்.

அவ்வளவுதான். அந்த ‘பாத்துக்கிறேன்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சோறு இறங்கவில்லை. வீட்டில் என் சம்சாரம், “யாரு எதைப் பாத்துக்கிட்டா உங்களுக்கென்ன, முதல்ல இலையைப் பாருங்க” என்று சத்தம் போட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் ஆட்சேபணை இல்லை என்று எழுதி, வீரணன் வந்து இறங்கி, இந்தப் பையன் அவனை வெட்டிப்போட்டால்? ஒரு உயிர் போகும். பையன் தூக்குக்கோ ஆயுளுக்கோ போவான். பேச்சிக்குப் புருஷன், அண்ணன், பிள்ளை மூன்றும் இல்லாமல் போகும். ஆபத்து உண்டு என்று எழுதினாலோ, எனக்குப் பயமாக இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷன் கடலுக்கு நடுவில் கிடந்து சாவான்.

சின்னக்காளையின் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். தன் வீட்டாரால் ஒன்றும் ஆகாது என்று கருப்பசாமி பேரில் சத்தியம் செய்தார். “ஆனா பயலுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாதுங்க. அவ வளத்த வளப்பு அப்படி. காது குத்துவோம், என் மச்சினன் மடி தாரேங்கிறான்னு எம்புட்டோ சொன்னேன். ஒத்தை வார்த்தையில முடியாதுன்னுட்டா” என்றார்.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சபதம் ஏட்டு, இது” என்றார் மெதுவாக. “தலை முடியாம இருப்பாங்க, தாடி எடுக்காம இருப்பாங்க. இந்தப் பொம்பளை மகன் காதைக் குத்தாம வச்சிருக்கா. அப்பனைக் கொன்னவனை முடிச்சுட்டு வந்து குத்திக்கடான்னு சொல்லி வளத்திருக்கா.”

அவர் இதை வெறும் யூகத்தில் சொல்லவில்லை. முன்பு வேறொரு தாலுக்காவில் ஒரு கைதிக்கு ஆபத்து இல்லை போலும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் வந்து ஒரு அறுப்புக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றடியில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அந்தப் பிணத்தைப் புரட்டிப் பார்த்தவரும் இவர்தான். அதிலிருந்துதான் ‘போலும்’ என்ற சொல்லைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பரிதாபமாகத்தான் இருந்தது.

“வீரணன் அங்க எப்படி இருக்கான்னு யாருக்காவது தெரியுமா? அதையும் விசாரியும்” என்றார்.

பரவைச் சந்தையில் கருவாடு விற்கும் ஒருவர் அந்தமானில் சிட்சை முடித்துத் திரும்பியவர் என்று கேள்விப்பட்டுப் போனேன். காக்கியைக் கண்டதும் தட்டை மூடப்போனார். பிடிக்க வரவில்லை என்று சொல்லி உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீரணன் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

“நம்ம வீரணனா? உசுரோடதான் இருக்கான். மொதல்ல காட்டுல மரம் வெட்டப் போட்டாங்க. கையும் காலும் ஒடிஞ்சு போற வேலை. பெறகு நன்னடத்தைன்னு நிலம் குடுத்து விட்டாங்க. நெல்லுப் போட்டான், தென்னை வச்சான். அங்கன கல்யாணம் முடிச்சுக்கிடலாம். நாங்கள்லாம் முடிச்சோம். அவன் முடிக்கல.”

“ஏன்?”

“கேட்டா சிரிப்பான். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அங்கன ஒருத்தனுக்கு ஒருத்தன் சொந்தம் கெடையாது. எல்லாம் கொலைகாரப் பயலுவதானே. அதனால நாங்களே முறை வச்சுக்கிடுவோம். நீ எனக்கு மச்சான், நீ எனக்கு மாமன்னு. எம்மகளுக்குக் காது குத்தயில வீரணனை மாமனா இருந்து மடி குடுறான்னு கூப்பிட்டேன். சரின்னு வந்தான். புள்ளையத் தூக்கிக் கையில குடுத்ததும் ஒடம்பெல்லாம் ஆடுது அவனுக்கு. புள்ளையக் கீழ விட்டுட்டு ஓட்டமா ஓடிட்டான். ரெண்டு நாளா காட்டுக்குள்ள தேடித்தான் கூட்டியாந்தோம்.”

காதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவராகச் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் மடியைக் கண்டு ஓடுகிறான். இந்தப் பக்கம் ஒருத்தி வேறு மடி வேண்டாம் என்கிறாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத்தான் நிற்கின்றன என்று தோன்றியது. ஆனால் தோன்றியதை அறிக்கையில் எழுத முடியுமா?

மறுபடி பேச்சி வீட்டுக்குப் போனேன். தவசி ஆடு மேய்க்கப் போயிருந்தான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டேன்.

“தாயி, எனக்கு ராத்திரி தூக்கமில்லை. நான் எழுதப்போறதுல ரெண்டு உசுரு இருக்கு. பழி தீக்கணும்னுதான் மகன் காதை மூளியா வச்சிருக்கியா?”

பேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“பழியா? யாருக்கு யாரு பழி, ஏட்டையா? எனக்காகத்தான அடிச்சான். நான் அடிக்கச் சொல்லல. அந்த மனுசன் கெட்டவருதான், ஆனா எம்புருசன். இவன் கொலைகாரன்தான், ஆனா கூடப் பொறந்தவன். நான் யாரை வெய்ய?”

“அப்ப மன்னிச்சுட்டியா?”

“மன்னிப்பெல்லாம் இல்ல. அவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன். ஆனா எம்புள்ளைக்கு அவன்தான் தாய்மாமன். அவன் உசுரோட இருக்கயில வேற ஒருத்தன் மடியில ஒக்கார வைக்க மாட்டேன். எம்புருசன் குலசாமி முன்னால, அவுக பங்காளி அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு நிக்கயில, அப்பனில்லாத புள்ளைய அவன் மடியில வாங்கணும். அந்தக் கனத்தை அவன் தாங்கணும். கோர்ட்டுக்காரன் குடுத்தது அவன் கணக்கு. இது என் கணக்கு.”

“மகனுக்கு இது தெரியுமா?”

“சொல்லியிருக்கேன். அவன் மனசுல என்ன வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. அவன் பேச மாட்டான். அவுக அப்பன் மாதிரி.”

அந்தக் கடைசி வார்த்தை என்னை மறுபடி கலக்கிவிட்டது.

அவள் சொன்னதை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் ஒப்பித்தேன். வெகுநேரம் அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“பையன்?”

“வாயைத் தொறக்கலீங்க ஐயா.”

“அதான் பயமா இருக்கு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ஆட்சேபணை இல்லைன்னு எழுதும்” என்றார். எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் பேனாவை நிறுத்தி, “நாம ரெண்டு பேரும் சாகிற வரைக்கும் இதை நெனச்சுக்கிட்டே இருக்கப்போறோம், ஏட்டு” என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் முழுக்கப் பலித்தது.

விடுதலை உத்தரவு வந்தது. கப்பலுக்குக் காத்திருக்கிறான் என்றும் தகவல் வந்தது. அதற்குள் ஜப்பான்காரன் அந்தமானைப் பிடித்துவிட்டான். கப்பல் இல்லை, தபால் இல்லை. அங்கே பட்டினி என்றார்கள், சித்திரவதை என்றார்கள், கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். எது நிஜம் எது புரளி என்று தெரியாது. பேச்சி சந்தைக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வந்து நிற்பாள். “தாக்கல் உண்டுமா ஏட்டையா?” இல்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவாள். முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்றவள் அவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வெயிலில் நடந்து வருவாள்.

தவசி மீசை வைத்த ஆளாகிவிட்டான். இடுப்பில் அருவாள். அந்தக் காட்டில் வேலி வெட்டப் போகிறவன் எல்லாரும் அருவாள் வைத்திருப்பான் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அவன் இடுப்பைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாள் அவனாகவே ஸ்டேஷனுக்கு வந்தான்.

“எங்க மாமன் எப்படி இருப்பாரு ஏட்டையா? ஒசரமா, குட்டையா? ஏதும் அடையாளம் உண்டா?”

எதற்கு அடையாளம் கேட்கிறான்? “நானும் பாத்ததில்லைப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

யுத்தம் முடிந்தது. தீவிலிருந்த கைதிகளையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. பிறகு ஒருநாள், இன்ன ரயிலில் திருமங்கலத்தில் வந்து இறங்குகிறான் என்று மதுரையிலிருந்து தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் சுப்பராமன் அதற்குள் ஓய்வு பெற்று மதுரைக்குப் போயிருந்தார். நான் ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு திருமங்கலம் போனேன். பிளாட்பாரத்தில் எனக்கு முன்பாகவே தவசி நின்றுகொண்டிருந்தான். தகவல் தெரிந்த கிராம முன்சீப் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் போய் தவசி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். பிடித்துவிடுவேன் என்று நினைத்தேனா, எனக்கே தெரியாது.

வண்டியிலிருந்து வீரணன் இறங்கியபோது அடையாளம் கேட்டதற்கே அவசியமில்லாமல் போயிற்று. வேறு யாருக்கும் அப்படி ஒரு உடம்பு இல்லை. எலும்பின்மேல் தோல், முழங்கால் இரண்டும் வீங்கி, கையில் ஒரு துணிமூட்டை. காக்கியைப் பார்த்துக் கும்பிட்டான். கண்கள் மட்டும் எங்கள் இடுப்பு உயரத்தில் எதையோ தேடின.

“தங்கச்சிக்கு மகன் இருக்கான்னாங்களே. புள்ள எங்கய்யா?”

“நான்தான்” என்றான் தவசி.

வீரணன் மெல்ல மெல்லத் தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்தான். சின்னக்காளையின் முகம்தான் அது, உரித்துவைத்தாற்போல என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். வீரணன் கையிலிருந்து மூட்டை விழுந்தது. தவசி அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“நாளைக்குக் காலையில கோயிலுக்கு வரச் சொன்னுச்சு அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டான்.

மறுநாள் கருப்பசாமி கோயிலில் சின்னக்காளையின் பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை. நான் லத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆலமரத்தடியில் நின்றேன். பேச்சி சாமியைப் பார்த்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வீரணனைக் கூட்டிவந்து சாமி முன்னால் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். தவசி இடுப்பிலிருந்த அருவாளை எடுத்தான். என் உயிர் என்னிடம் இல்லை. அதைச் சாமி காலடியில் வைத்துவிட்டு வந்து மாமன் மடியில் உட்கார்ந்தான்.

இருபது தாண்டிய ஆம்பிளை, அந்தக் குச்சிக் கால்களின்மேல். பார்க்கச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. வீரணன் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்தான். பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது. ஆசாரி ஊசியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், தலை ஆடும், எடுத்துவிடுவார். மறுபடி கொண்டுபோவார், மறுபடி ஆடும். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

பேச்சி திரும்பவில்லை. சாமியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அண்ணே, அசையாமப் பிடி.”

கை நின்றது. ஊசி ஏறியது. தவசி சத்தம் போடவில்லை. வீரணன்தான் அலறினான், தன் காதில் ஏறினாற்போல. நான் நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

அப்போதுதான் தவசியின் கால்களைக் கவனித்தேன். இரண்டு குதிகாலும் மண்ணில் புதைந்திருந்தன. தொடை நரம்பெல்லாம் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் குத்தி முடிகிற வரை அப்படியே இருந்தான்.

எல்லாம் முடிந்து பந்தியில் உட்காரப்போகும்போது தவசி நொண்டிக்கொண்டு வந்தான். காதில் மஞ்சளும் ரத்தமும் காயாமல் இருந்தது.

“என்னடா, காலுல அடியா?” என்று கேட்டேன்.

“இல்ல ஏட்டையா. குந்துக்கால்லயே இருந்தேன், மரத்துப்போச்சு.”

“மடியிலதானடா ஒக்காந்திருந்த?”

அவன் தூரத்தில் உட்கார்ந்திருந்த வீரணனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்.

“மாமா தாங்க மாட்டாரு, ஏட்டையா.”